கோடிட்ட இடம்

1943இல் சென்னையிலிருந்து ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை வந்தது. நடத்தியவர் சி.என். லட்சுமிகாந்தன். பொய் ஆவணம் தயாரித்த வழக்கில் சிறைக்குப் போய்த் திரும்பியவர். யுத்த காலம் என்பதால் காகிதத்துக்குக் கட்டுப்பாடு. பத்திரிகை நடத்த அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தையே சரக்காக வைத்து ஒரு பத்திரிகை நடந்தது. நடந்தது என்பதைவிட ஓடியது என்றே சொல்லலாம்.

சினிமாக்காரர்களைப் பற்றிய வம்பு அதற்கு முன்னாலும் இருக்கத்தான் செய்தது. நாடகக் கொட்டகைக் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் அது திண்ணையில் பிறந்து திண்ணையிலேயே செத்துவிடும். அதற்கு விலை போட்டு, வாராவாரம் காத்திருக்க வைத்து, ஊர்விட்டு ஊர் அனுப்பும் தொழிலாக மாற்றியவர்களில் லட்சுமிகாந்தனைப்போல் பெயர் எடுத்தவர் வேறு யாரும் இல்லை. இன்று கைபேசித் திரையில் ‘யார் அந்த நடிகை?’ என்று மின்னுகிற செய்திக்கு அவர்தான் கொள்ளுத்தாத்தா.

அவருடைய வாசகர் யார்? அன்றைய படங்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும். தமிழில் பேசும் படம் வந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் உச்சத்தில் இருந்தார். அவர் நடித்த ‘சிந்தாமணி’, ‘திருநீலகண்டர்’, ‘ஹரிதாஸ்’ மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் நாயகன் முதலில் தாசி வீட்டில் விழுந்து, பிறகு பக்தனாக எழுகிறான். கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் விழுந்த பகுதியையும் ரசித்தார்கள், எழுந்த பகுதிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லட்சுமிகாந்தன் அதே ஜனங்களுக்கு அதே கதையின் முதல் பாதியை மட்டும் தனியாகப் பிய்த்து விற்றார், கதாபாத்திரத்தின் பெயருக்குப் பதில் நடிகரின் பெயரைப் போட்டு. படம் பார்த்தவனுக்கு அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. கதை ஏற்கெனவே தெரியும், முகமும் தெரியும்.

அந்த முகத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் வேலையை வேறொருவர் தொடங்கிவைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1941இல் இந்திப்பட நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் வந்தார். அந்த சோப்புக்காக முகம் காட்டிய முதல் இந்திய சினிமா நட்சத்திரம் அவர். நட்சத்திரம் எந்த சோப்பில் குளிக்கிறார் என்று சொல்லலாம் என்றால், குளித்த பிறகு எங்கே போனார் என்று கேட்பவனைத் தடுப்பது கஷ்டம்.

‘சினிமா தூது’க்கு வாசகர் இரண்டு வகை. ஒருவர் சில்லறை கொடுத்து வாங்கிப் படிப்பவர். இன்னொருவர் தன்னைப் பற்றி வராமல் இருக்கப் பணம் கொடுப்பவர். இரண்டாமவர் கொடுத்தது சில்லறை இல்லை. ஆனால் முதல் வகை வாசகர் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் இரண்டாம் வகை வாசகர் பயப்படுவார். பத்திரிகையின் விற்பனைதான் மிரட்டலின் எடை. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், இதழை வாங்கிய சாமானியனை ஏன் அப்படித் தேடித் தேடிப் பிடித்தார்கள் என்பதும் புரியும். அவன் வாடிக்கையாளனாகவும் இருந்தான், தன்னை அறியாமல் அடியாளாகவும் இருந்தான்.

பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். லைசென்ஸ் ரத்தானது. லட்சுமிகாந்தன் சளைக்கவில்லை. ‘இந்து நேசன்’ என்ற இன்னொரு பத்திரிகையைக் கைக்குள் போட்டுக்கொண்டு, சினிமாக்காரர்களோடு ஊர்ப் பெரிய மனிதர்களையும் சேர்த்துக் கிழிக்கத் தொடங்கினார். 1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் கை ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது கத்திக்குத்து. மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், அந்த வருடத் தீபாவளிக்கு, ‘ஹரிதாஸ்’ வெளியாகியிருந்தது. டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. அதே வழக்கில் சேர்க்கப்பட்டிருந்த ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, மறுபடி விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். கொன்றது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. நாயகன் சிறையில் இருந்த காலத்தின் பெரும்பகுதி சென்னை பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று பெயர் வாங்கியது. அந்தக் கூட்டத்தில் பாட்டுக்காக வந்தவர் எத்தனை பேர், வழக்குச் செய்தி படித்துவிட்டு முகம் பார்க்க வந்தவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்ல முடியாத அந்தக் கலவைதான் பின்னால் வந்த சினிமாப் பத்திரிகைகளுக்கெல்லாம் மூலதனம்.

பெயர் போட்டு எழுதினால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. அவதூறுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகள் ஏற்கெனவே இருந்தன. அது போதாதென்று 1960இல் சென்னை ராஜ்யம் தனக்கென்று 292-ஏ என்ற பிரிவைச் சேர்த்துக்கொண்டது. இழிவான விஷயத்தையும், மிரட்டிப் பணம் பறிக்கும் நோக்கத்தோடு எழுதியதையும் அச்சிடுவது அதன்படி குற்றம். தொழில் நிற்கவில்லை. பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

எடுத்தபோது நடந்ததுதான் வேடிக்கை. செய்தி மெலிந்திருக்க வேண்டும். மாறாக, முன்னைவிடக் கொழுத்தது. இதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க, அந்தக் காலத்து நடையில் நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன். எந்த நடிகையையும் மனதில் வைத்து எழுதியதல்ல.

‘மலைப் பிரதேசத்தில் படப்பிடிப்பு. சிரிப்பு நாயகிக்கும் புது இயக்குநருக்கும் ஏக பாசமாம். நாயகியின் அம்மாவுக்கு மட்டும் வேறு மாடியில் அறை போட்டுவிட்டார்களாம். விடிய விடியக் கதை விவாதம் நடந்ததாகக் கோடம்பாக்கத்துப் பட்சி சொல்கிறது.’

இதில் குற்றம் என்று விரல் வைக்க ஒரு வார்த்தை இருக்கிறதா? அறை போட்டார்கள், கதை பேசினார்கள், அவ்வளவுதான். எழுதியவர் சொன்னதாகவும் இல்லை, ஏதோ ஒரு பட்சி சொன்னது. ஆனால் அம்மாவை வேறு மாடிக்கு அனுப்பிய அந்த ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்புகிற பையனைப்போல, சென்ற மாதம் மலைக்குப் போன யூனிட் எது, புது இயக்குநர் யார், சிரித்தால் அழகு என்று பெயர் வாங்கியவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கழித்து விடைக்கு வருவார். தானே கண்டுபிடித்த விடையை யாரும் சந்தேகப்படுவதில்லை. பத்திரிகை பெயர் போட்டிருந்தால், ‘சும்மா எழுதுகிறான்’ என்று தள்ளியிருப்பார்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பெயர் இல்லாவிட்டாலும், படிப்பவர்களுக்கு ஆள் இன்னார் என்று புரிந்தால் அவதூறு வழக்குப் போடலாம். அதனால் கைதேர்ந்தவர்கள் குறிப்பை ஒருவருக்கு மட்டும் பொருந்துகிறமாதிரி எழுத மாட்டார்கள். இரண்டு மூன்று பேருக்குப் பொருந்த விடுவார்கள். ‘அது நீங்கள் இல்லையே அம்மா’ என்று போனில் சமாதானம் சொல்ல வழி வேண்டும். வக்கீலுக்குப் பயந்து செய்த இந்த ஏற்பாடு விற்பனைக்கும் உதவியது. மூன்று பேருக்குப் பொருந்தும் செய்தியைப் பற்றி டீக்கடையில் மூன்று கட்சி கட்டிப் பேசலாம்.

இந்தப் பெயரில்லாச் செய்தி நாளாக நாளாகத் தனக்கென்று ஒரு பட்டப்பெயர் அகராதியையே வளர்த்துக்கொண்டது. விரல் நடிகர், நம்பர் நடிகை, பூ நடிகை, வாரிசு நடிகர். நான் யாரையும் குறிப்பிடவில்லை, உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததில் ஒரு சின்னப் பெருமையும் இருந்திருக்கும், மறுக்க வேண்டாம். புதிதாக வந்தவருக்கு ஒன்றும் புரியாது. நாலு வாரம் தொடர்ந்து படித்தால் புரியத் தொடங்கும். புரிந்த பிறகு விட மனம் வராது, ஏனென்றால் விட்டால் அகராதி பழசாகிவிடும்.

சந்தா இல்லாமலே சந்தாதாரரைப் பிடிக்கும் இந்த வித்தையை மஞ்சள் பத்திரிகைகளைவிடக் குடும்பப் பத்திரிகைகள்தான் நேர்த்தியாகச் செய்தன. 1947இல் எஸ்.ஏ.பி. அண்ணாமலை தொடங்கிய ‘குமுதம்’ அதற்கு நல்ல உதாரணம். தொடர்கதை, ஒரு பக்கக் கதை, ஜோக், கேள்வி பதில், இவற்றுக்கு நடுவில் ‘லைட்ஸ் ஆன்’ என்று சினிமாத் துணுக்குகள். எழுதியவர் பெயர் வினோத் என்று இருக்கும். வினோத் வேறு யாருமில்லை, ‘குமுதம்’ ஆசிரியர் குழுவிலிருந்த ரா.கி. ரங்கராஜன், நாவலும் சிறுகதையும் மொழிபெயர்ப்புமாக எழுதிக் குவித்தவர். சினிமா வம்பை இலக்கியக் கை தெரிந்தவர் எழுதினால் அதன் பதமே வேறு. கண்ணியத்தின் கோட்டைத் தாண்டாமல், தாண்டப்போவதுபோல் ஒரு பாவனை.

பெட்டிக்கடையில் ‘இந்து நேசன்’ போன்ற ஒன்றைக் கேட்டு வாங்க நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். ‘குமுதம்’ வாங்கக் கூச்சம் இல்லை. அது வீட்டுக்கு வரும். மாமியார் தொடர்கதை படிப்பார், பிள்ளை ஜோக் படிப்பான், எல்லோரும் எல்லாவற்றையும் படித்தார்கள் என்பதை யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். கிசுகிசு அதற்குமேல் தனியாக விற்க வேண்டிய சரக்காக இருக்கவில்லை. மரியாதையான சாமான்களோடு ஒரே பையில் வந்துவிட்டது. என் கணிப்பில் அதன் பயணத்தில் இதுதான் பெரிய திருப்பம்; கொலையைவிடப் பெரியது.

சரக்கு எங்கிருந்து வந்தது? யூனிட்டிலிருந்து. மேக்கப்காரர், காஸ்ட்யூமர், கார் டிரைவர், புரொடக்‌ஷன் மேனேஜர், சம்பளப் பாக்கி வராத உதவி இயக்குநர். போட்டி நடிகையின் மேனேஜர் சொல்வது தனி ரகம், அதில் பாதியைக் கழித்துவிடுவார்கள். 1958இல் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் மக்கள் தொடர்பாளராக வேலை பார்த்தார். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. அவர்தான். படத்தைப் பற்றிய தகவலையும் புகைப்படத்தையும் ஒழுங்காகத் தொகுத்துக் கொடுப்பதுதான் அவர் செய்த வேலை. வம்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பதவி ஒன்று உருவான பிறகு, சினிமாவிலிருந்து பத்திரிகைக்குப் போக ஒரு முன்வாசல் வந்துவிட்டது. பின்வாசல் வழக்கம்போல் திறந்தே இருந்தது. நாளடைவில் படம் வெளியாகும் சமயத்தில் நாயகன் நாயகி காதல் செய்தி வருவதும், படம் ஓடி முடிந்ததும் ‘நாங்கள் நல்ல நண்பர்கள்’ என்று அதே பத்திரிகையில் பேட்டி வருவதும் பழகிப்போனது. எது முன்வாசலில் வந்தது, எது பின்வாசலில் வந்தது என்பது அச்சில் தெரியாது.

வாசகரைப் பிடிக்கும் கடைசி அடி பெட்டிக்கடையில் நடந்தது. கயிற்றில் கிளிப் போட்டு இதழ்களைத் தொங்கவிடுவார்கள். கீழே அந்த வாரப் போஸ்டர். நாலு வார்த்தை, ஒரு கேள்விக்குறி. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் தூரத்திலிருந்து படிக்க வேண்டும், பாதி புரிய வேண்டும், மீதி புரியக் காசு கொடுக்க வேண்டும். போஸ்டரில் இருக்கும் பிரபல நடிகைக்கும் உள்ளே இருக்கும் செய்திக்கும் ஒட்டும் உறவும் இல்லாமல் போவது சகஜம். ஏமாந்தவர் அடுத்த வாரமும் வாங்குவார். கேள்விக்குறி அப்படி.

எந்தப் போஸ்டர் எடுபட்டது என்று பத்திரிகை ஆபீசுக்கு எப்படித் தெரியும்? ஏஜென்ட் போன் செய்வார்; விற்காத பிரதிகள் ரிட்டன் வரும். ரிட்டன் கட்டின் உயரம்தான் வாசகர் மனதை அளக்கும் கோல். வேறு அளவுகளும் உண்டு. 1948இல் தொடங்கிய ஏ.பி.சி. என்ற விற்பனைத் தணிக்கை அமைப்பு விற்ற பிரதிகளைக் கணக்கெடுத்தது. ஆனால் ஒரு பிரதி எத்தனை கை மாறுகிறது என்பதை விற்பனைக் கணக்கு சொல்லாது. சலூனில் கிடக்கும் ஒரு இதழ் அட்டை கிழிந்து, நடுப்பக்கம் காணாமல் போய், அடுத்த இதழ் வந்த பிறகும் படிக்கப்படும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் தலையங்கத்தைப் படிக்க மாட்டார்; முறை வருவதற்குள் முடிக்கக்கூடிய அளவு இரண்டு மூன்று வரித் துணுக்குத்தான். துணுக்கின் நீளத்தை ஆசிரியர் தீர்மானித்தாரா, சலூன் பெஞ்ச் தீர்மானித்ததா என்று கேட்டால் நான் பெஞ்சுக்கே ஓட்டுப் போடுவேன்.

கேள்வி பதில் பகுதி இன்னொரு தூண்டில். ‘தினத்தந்தி’யில் குருவியார், ‘ராணி’யில் அல்லி. இன்ன நடிகைக்குக் கல்யாணம் எப்போது, இன்னாரும் இன்னாரும் பேசிக்கொள்வதில்லையாமே என்று போஸ்ட் கார்டில் எழுதிப்போட்டால், கேட்டவர் பெயரும் ஊரும் அச்சில் வரும். பதிலில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ‘காலம் பதில் சொல்லும்’ என்கிற ரகம். ஆனால் சின்ன ஊர்க்காரருக்கு, தன் பெயர் ஒரு நட்சத்திரத்தின் பெயரோடு ஒரே பத்தியில் வந்துவிடுகிறது. ஊரே அந்தப் பிரதியைத் தேடி வாங்கும். அந்தக் கார்டுகள் ஆபீசுக்குச் செய்த உபகாரமும் பெரியது. இந்த மாதம் எந்த நடிகையைப் பற்றி எத்தனை கார்டு, எந்த ஜில்லாவிலிருந்து என்று பார்த்தாலே அடுத்த மாத அட்டைப்படம் முடிவாகிவிடும். தபால் செலவு வாசகருடையது.

1993இல் சன் டி.வி. வந்தது. சினிமா முகம் தினமும் வீட்டுக்குள்ளேயே வந்தது. நடுப்பக்க வண்ணப் படத்துக்கு இருந்த மவுசு போயிற்று. டி.வி.யில் எல்லோரும் சிரித்துக்கொண்டே எல்லோரையும் பாராட்டினார்கள். டி.வி. சொல்லாததைச் சொன்னால்தான் பத்திரிகைக்குப் பிழைப்பு என்றானது. துணுக்குகளில் காரம் கூடியது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை ‘நக்கீரன்’ வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் தனிமனிதருக்குத் தன்னை விட்டுவிடச் சொல்லும் உரிமை உண்டு என்றது. பொது ஆவணங்களில் இருப்பதை எழுதத் தடையில்லை என்றும் சொன்னது. சினிமா வழக்கு இல்லைதான். ஆனால் எல்லாப் பத்திரிகை ஆபீசுக்கும் அது பொருந்தியது. 2009 அக்டோபரில் ஒரு தமிழ் நாளிதழ், கைதான நடிகை ஒருவர் போலீசில் சொன்னதாக, வேறு பல நடிகைகளின் பெயர்களைப் படங்களோடு போட்டது. திரையுலகம் திரண்டு கண்டனக் கூட்டம் நடத்தியது. செய்தி ஆசிரியர் கைதானார். 1944இலிருந்து 2009 வரை ஒரே விதி: பெயர் போட்டவர் மாட்டுகிறார், புள்ளி வைத்தவர் பிழைக்கிறார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும், கிசுகிசு பெட்டிக்கடைக் கயிற்றை விட்டு இறங்கியது. யூடியூபில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார். பழைய துணுக்கில் இரண்டு வரியில் முடிந்ததை அவர் இருபது நிமிடம் இழுக்கிறார், நடுவில் விளம்பரம் வர வேண்டுமே. முகப்புப் படம் பழைய போஸ்டரின் வேலையைச் செய்கிறது: பாதி மறைத்த முகம், சிவப்பு வட்டம், அதே கேள்விக்குறி. ரிட்டன் கட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எத்தனாவது விநாடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்பதுவரை உடனே தெரிகிறது. முன்பு ஆசிரியர் ஒரு வாசகரைக் கற்பனை செய்துகொண்டு எழுதினார்: மதுரைப் பக்கத்தில் ஒரு டீச்சர், சேலத்தில் ஒரு கல்லூரி மாணவர். இப்போது கற்பனைக்கு வேலை இல்லை. நேற்று இரவு நீங்கள் ஒரு விவாகரத்துச் செய்தியை முழுக்கப் பார்த்திருந்தால், காலையில் இன்னும் மூன்று விவாகரத்துகள் வாசலில் நிற்கும். சலூனில் அந்த இதழைப் புரட்டியவரை யாரும் குறித்துவைத்துக்கொண்டதில்லை. கூச்சப்பட்டவர் புரட்டிவிட்டு மூடி வைத்துவிடலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவர் பழைய பாடத்தை மறக்கவில்லை. அவரும் பெரும்பாலும் ‘அந்த நடிகை’ என்றுதான் சொல்கிறார். கீழே கமென்ட்டில் முதல் பத்து நிமிடத்துக்குள் யாராவது பெயரை எழுதிவிடுகிறார்கள். அதற்கு நூறு லைக் விழுகிறது. பெயர் மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்து வருகிறவர் வீடியோவைப் பார்ப்பதற்கு முன்பே கமென்ட்டில் விடையைப் பார்த்துவிடுகிறார். முன்பு வாசகரின் மனதுக்குள்ளும் டீக்கடை பெஞ்சிலும் நடந்த அதே நிரப்பல்தான். இப்போது எழுத்தில், தேதி நேரத்தோடு, எழுதியவரின் கணக்குப் பெயரோடு பதிவாகிறது. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, அவதூறைச் சொன்னவரையும் வெளியிட்டவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டு வருடம் வரை சிறை உண்டு. பேசியவர் பெயர் சொல்லவில்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஒற்றை விரலால் அந்தப் பெயரைத் தட்டியவர்தான் இப்போது பிரசுரகர்த்தர். அவருக்கு இதில் காலணா வருமானம் இல்லை.